தலைக்காயம்: தடுப்பதும், அடிபட்டவரைக் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையில் அடிபட்டவரைச் சுற்றி நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தூங்க விடலாமா, தண்ணீர் கொடுக்கலாமா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா, பழையபடி ஆகிவிடுவாரா? இந்தக் கேள்விகளுக்கும், அடிபடாமலே இருக்க என்ன செய்யலாம் என்பதற்கும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் பக்கத்தில் இப்போதே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

தலையில் அடிபட்டால் உள்ளே என்னதான் நடக்கிறது?

பெரியவர்களின் மூளை சுமார் 1.4 கிலோ எடை இருக்கும். மிகவும் மென்மையானது. மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. வேகமாகப் போகும் தலை எதிலாவது மோதிச் சட்டென்று நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடும், மூளை உடனே நிற்காது. உள்சுவரில் மோதும், எதிர்ப்பக்கமும் போய் மோதும், சில சமயம் முறுக்கியும் கொள்ளும். அந்த நொடியில் நசுங்கிய திசுவையும் அறுந்துபோன நரம்பு இழைகளையும் எந்த மருத்துவராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இது முதல்நிலைக் காயம்.

அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் வருவது இரண்டாம்நிலைக் காயம். உள்ளே ரத்தம் கசிந்து தேங்குகிறது, மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. மூளை, ரத்தம், திரவம் மூன்றுக்கும் அதற்குள் இருக்கும் இடம் அவ்வளவுதான். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும். குறைய வழியில்லாத கட்டத்தில் உள்ளழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமே தடைபடும். உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே செலவிடுகிறது. மூச்சுக்குழாய் அடைத்தோ ரத்த இழப்பால் பிபி இறங்கியோ அந்த ஆக்சிஜனும் குறைந்தால், முதல் அடியில் பிழைத்த பகுதிகளும் சாகத் தொடங்கும்.

முதல் காயத்தை அடிபடுவதற்கு முன்னால் தடுத்தால்தான் உண்டு. இரண்டாவதை அடிபட்ட பிறகும் தடுக்கலாம், அதில் அருகில் நிற்பவருக்கும் பங்கு இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது காயத்தைப் பற்றியவைதான்.

மண்டை உடையவில்லை, ரத்தமும் வரவில்லை. அப்படியானால் பயமில்லைதானே?

வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்ல முடியாது. தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அதிகம். சின்னக் கீறலிலும் சட்டை நனையுமளவு ரத்தம் கொட்டும், உள்ளே ஒன்றுமே ஆகியிருக்காது. இன்னொருவருக்குத் தோலில் சிராய்ப்புகூட இல்லாமல் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். காயத்தின் அளவைவிட ஆளின் நினைவு, பேச்சு, நடத்தை ஆகியவற்றில் வரும் மாற்றமே முக்கியம்.

அடிபட்டதும் நன்றாகப் பேசினார், சில மணி நேரத்தில் மயங்கிவிட்டார். அது எப்படி?

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பில் விரிசல் விழுந்து அந்தத் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். மூளை முதலில் சமாளிக்கும். அதனால் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, பேசி, எனக்கு ஒன்றுமில்லை என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. ரத்தம் சேரச் சேரத் தலைவலி கூடும், வாந்தி வரும், ஒரு கட்டத்தில் நினைவு சட்டென்று சரியும்.

2009இல் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தபோது இதுதான் நடந்தது. முதலில் நன்றாகவே இருந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். இந்த வகை ரத்தக்கசிவை நேரத்தோடு கண்டுபிடித்து அறுவை செய்தால் முழுமையாகத் தேறுபவர்கள் நிறையப் பேர். அதனால்தான் அந்த "நன்றாக இருக்கும்" இடைவெளியை வீணாக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எந்த அறிகுறி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ஒரு நொடியாவது நினைவு தப்பியிருந்தால், நடந்தது ஞாபகத்தில் இல்லாவிட்டால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், ஒன்றுக்கு மேல் வாந்தி எடுத்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், கை கால் ஒரு பக்கம் பலவீனமானால், பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருந்தால், எழுப்பவே கஷ்டமாக இருந்தால் தாமதிக்காதீர்கள். மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் போன்ற திரவம் வழிவதும், இரண்டு கண்களைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலமாகக் கன்றுவதும் மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு இருப்பதைக் காட்டலாம். அந்தத் திரவத்தை நிறுத்தப் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் லேசான அடிக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, அழுகை ஓயவே இல்லையா, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடக்கிறதா என்று பாருங்கள்.

விபத்து நடந்த இடத்தில் நிற்கிறேன். என்ன செய்வது?

முதலில் உங்கள் பாதுகாப்பு. பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஒருவரை அனுப்புங்கள், இன்னொருவரை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பொதுவாக "யாராவது கூப்பிடுங்கள்" என்று சொன்னால் ஒவ்வொருவரும் மற்றவர் கூப்பிட்டிருப்பார் என்று இருந்துவிடுவார்கள். ஆளைக் கைகாட்டிச் சொல்லுங்கள்.

அடுத்தது மூச்சு. தலைக்காயத்தில் மயங்கிக் கிடப்பவர் மூளைக் காயத்தால் மட்டும் இறப்பதில்லை. நாக்கு பின்னால் சரிந்தோ, வாயில் தேங்கிய ரத்தமும் வாந்தியும் அடைத்தோ மூச்சுத் திணறியும் இறந்துபோகிறார். இது தடுக்கக்கூடிய சாவு. தாடையின் இரண்டு கோணங்களிலும் விரல் வைத்து மெதுவாக முன்னால் தள்ளினால் கழுத்தை அசைக்காமலே மூச்சுப் பாதை திறக்கும். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் புரட்டுங்கள். தனியாக இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும், மூச்சு அடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இயல்பான மூச்சே இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்தத் தொடங்குங்கள்.

கழுத்தெலும்பும் அடிபட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே கை வையுங்கள். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதும், மடக்கி வண்டியின் பின்சீட்டில் திணிப்பதும், உட்காரவைத்து உலுக்குவதும் வேண்டவே வேண்டாம். தீ, வெள்ளம் மாதிரி உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் இடம் மாற்றுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், எலும்பு உள்ளே பதிந்ததுபோல் தெரியும் இடத்தில் மட்டும் அழுத்தாதீர்கள். தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். அது நேராக நுரையீரலுக்குப் போகலாம், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் இடைஞ்சல்.

அடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேசினாரா, எப்போது மயங்கினார், வலிப்பு வந்ததா, எத்தனை முறை வாந்தி என்று நீங்கள் சொல்லும் நாலு வரி மருத்துவருக்குப் பெரிய உதவி. அந்த விவரத்தை வேறு எந்தக் கருவியும் தராது.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

மூச்சு சீராக இருந்தால் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியை மட்டும் தூக்கி, தாடைப் பட்டையைத் தளர்த்தினால் போதும். மூச்சு நின்றிருந்தால், வாந்தி அடைத்தால், வாயை எட்டவே முடியாவிட்டால் கழற்றத்தான் வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து அசையாமல் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டின் இரு பக்கங்களையும் விரித்தபடி மெதுவாக வெளியே இழுக்க வேண்டும்.

குடித்திருக்கிறார் போல, போதை தெளிந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

இந்த ஒரு வாக்கியம் பல உயிர்களைக் கொன்றிருக்கிறது. குழறும் பேச்சு, தள்ளாட்டம், வாந்தி, தூக்கக் கலக்கம், எரிச்சல் எல்லாமே போதைக்கும் உண்டு, மூளைக்குள் ரத்தக்கசிவுக்கும் உண்டு. வாசனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. குடித்தவர் விழுவதற்கான வாய்ப்பும் அதிகம், தொடர்ந்து குடிப்பவர்களுக்கு ரத்தம் உறைவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆக, குடித்திருக்கிறார் என்பது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காரணம். ஒரு மூலையில் படுக்கவைத்துவிட்டுப் போவதற்கான சாக்கு அல்ல. காவல் நிலையத்தில் இருப்பவர்களும் அவசரப் பிரிவில் இருப்பவர்களும் இதை மறக்கவே கூடாது.

தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக்கூடாதா?

மருத்துவர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பியவர் தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் மூளை தேறுவதற்கு நல்லது. முதல் 24 மணி நேரம் யாராவது கூடவே இருந்து, எழுப்பினால் எழுகிறாரா, ஒழுங்காகப் பதில் சொல்கிறாரா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால் அது தூக்கம் இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

ஆம்புலன்ஸ் ஆளைத் தூக்கிப்போகும் வண்டிதானே, அதில் என்ன சிகிச்சை?

அப்படி நினைப்பது தவறு. 1993இல் வெளியான ஓர் ஆய்வு, கடுமையான தலைக்காயத்தோடு வந்தவர்களில் ஒரே ஒரு முறை மேல் பிபி 90க்குக் கீழே இறங்கியிருந்தாலும் இறப்பு இரண்டு மடங்குக்கு மேல் போனதைக் காட்டியது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு மூன்று விஷயங்களைத் தீவிரமாகப் பயிற்றுவித்தார்கள். ஆக்சிஜன் குறையவே விடக்கூடாது, பிபி இறங்க விடக்கூடாது, கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்று செலுத்தும் மூச்சுப் பையை வேகவேகமாக அழுத்தக் கூடாது. 2019இல் வெளியான முடிவின்படி, கடுமையான காயம் பட்டவர்கள் பிழைக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கானது. புது மருந்தும் இல்லை, விலையுயர்ந்த இயந்திரமும் இல்லை.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பதற்றத்தில் பையை வேகமாக அழுத்தினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நல்லது செய்வதாக நினைத்தே மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறோம்.

மருத்துவமனையில் முதலில் என்ன பார்ப்பார்கள்?

மூச்சு, ரத்த ஓட்டம், அப்புறம் நினைவின் அளவு. கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974இல் வெளியிட்ட அளவுகோல்தான் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். குறைந்தபட்சம் 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை லேசானது. ஒரு தடவை எடுத்த மதிப்பெண்ணைவிட, அது இறங்கிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். 14இல் வந்தவர் அரை மணியில் 11 என்றால் அது அவசரம்.

எல்லோருக்கும் சிடி ஸ்கேன் வேண்டுமா?

வேண்டாம். லேசான அடிபட்ட எல்லோருக்கும் எடுத்தால் தேவையில்லாத கதிர்வீச்சு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அதோடு நிஜமாகவே தேவைப்படுபவர் வரிசையில் காத்திருக்க நேரும். யாருக்கு எடுக்க வேண்டும் என்பதற்கு 2001இல் வெளியான கனடா விதிமுறை பரவலாகப் பயன்படுகிறது. நினைவு தப்பியோ குழம்பியோ இருந்த, ஆனால் மதிப்பெண் 13க்குக் குறையாத பெரியவர்களுக்கானது அது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் மதிப்பெண் 15ஐத் தொடவில்லை, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, மண்டையோட்டு முறிவுக்கான அடையாளம், வயது 65 அல்லது அதற்கு மேல் போன்றவை இருந்தால் ஸ்கேன் என்று அது சொல்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதே நல்லது. வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அலட்சியம் என்று நினைக்காமல் காரணத்தைக் கேளுங்கள்.

வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுப்பார்களா?

பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 10,008 பேரைச் சேர்த்து நடத்திய கிராஷ் என்ற ஆய்வு 2004இல் வெளியானபோது, ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் இறப்பு அதிகம் என்று தெரிந்தது. தலைக்காயத்துக்கு இப்போது அது கூடாது. நல்லெண்ணத்தோடு காலங்காலமாகச் செய்துவந்த ஒன்றைச் சோதித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே வரிசையில் 2019இல் வந்த மூன்றாவது ஆய்வு, ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்தைப் பரிசோதித்தது. லேசான, நடுத்தரக் காயம் பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் தலைக்காயத்தால் வரும் இறப்பு குறைந்தது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மிகக் கடுமையான காயத்தில் பலன் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துவிடுவாரா?

மூளையை அழுத்தும் ரத்தக்கட்டியை எடுப்பதில் நேரம்தான் எல்லாம். 1981இல் வெளியான ஓர் ஆய்வில், மூளை உறைக்கு அடியில் ரத்தம் தேங்கியவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குள் அறுவை நடந்தபோது இறப்பு 30 சதவீதம், அதற்குப் பிறகு நடந்தபோது 90 சதவீதம். சிகிச்சை முறைகள் அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனாலும் சீக்கிரம் செய்ய வேண்டும் என்பது மாறவில்லை.

வீக்கம் கட்டுக்கடங்காமல் போகும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியையே எடுத்து வைத்து மூளைக்கு இடம் கொடுக்கும் அறுவை வேறு. 2016இல் வந்த பெரிய ஆய்வு, அது இறப்பை வெகுவாகக் குறைப்பதைக் காட்டியது. பிழைத்தவர்களில் மற்றவரை முழுக்கச் சார்ந்து வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடியதையும் சேர்த்தே காட்டியது. கையெழுத்துப் போடச் சொல்லும்போது, பிழைப்பாரா என்று மட்டும் கேட்காமல் எப்படிப்பட்ட வாழ்க்கை அமையலாம் என்றும் குடும்பம் கேட்க வேண்டும், மருத்துவரும் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

சரி, தடுப்பதற்கு வருவோம். ஹெல்மெட் உண்மையிலேயே அவ்வளவு காப்பாற்றுமா?

காப்பாற்றும். ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய, "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர். லாரன்ஸ் பிழைக்கவில்லை. கெய்ர்ன்ஸ் அதன்பின் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் ஹெல்மெட்டின் அவசியத்தை எழுதினார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கோக்ரேன் மதிப்பாய்வு, மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

பட்டையைப் பூட்டாத ஹெல்மெட் மோதும் முன்பே கழன்று பறந்துவிடும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது, ஒருமுறை நசுங்கினால் மீளாது. அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் தலை ஒன்றுதான், குழந்தைக்கும் அதன் அளவுக்கேற்ற ஹெல்மெட் வேண்டும்.

காரில் போனால்?

இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்தார். காப்புரிமையை எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு இல்லை, மோதும் வேகத்தில் எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. அப்புறம் வேகம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வயதானவர்கள் வீட்டுக்குள்தானே இருக்கிறார்கள்?

வீட்டுக்குள்தான் விழுகிறார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் உறைக்கும் நடுவே ஓடும் நுண்ணிய சிரைகள் இழுபட்டு நிற்கும், லேசான இடியிலும் கிழியும். ரத்தம் மெதுவாகச் சேர்ந்து வாரக்கணக்கில் கழித்துக் குழப்பமும் தள்ளாட்டமும் மறதியுமாக வெளிப்படும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். சட்டென்று வந்த மறதி என்றால், போன மாதம் எங்காவது இடித்துக்கொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்த ரத்தத்தை வடித்தால் பலர் பழையபடி தேறுகிறார்கள்.

குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, இரவில் எரியும் சின்ன விளக்கு, வழுக்காத தரை, வழியில் கிடக்கும் ஒயரையும் கால்மிதியையும் அகற்றுவது எல்லாம் ஒரு நாள் வேலை. தூக்க மாத்திரை, பிபி மாத்திரையின் அளவை மருத்துவரிடம் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைகளுக்கு?

ஜன்னலுக்குக் கம்பி, மாடிப்படிக்குத் தடுப்பு. சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் உட்காரவைத்துவிட்டுக் கவனத்தைத் திருப்பினால் படியில் உருண்டுவிடும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. ஓயாமல் அழும் குழந்தையை ஆத்திரத்தில் ஒருபோதும் உலுக்காதீர்கள். கழுத்தில் பலமில்லாததால் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம். தாங்க முடியவில்லை என்றால் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழட்டும்.

விளையாட்டில் தலையில் அடி, கொஞ்சம் கிறுகிறுத்தது. மறுபடி ஆடலாமா?

அன்றைக்குக் கூடாது. மூளை தேறும் முன் விழும் இரண்டாவது அடி, குறிப்பாகச் சிறு வயதினருக்கு, உயிருக்கே ஆபத்தான வீக்கத்தைக் கொண்டுவரலாம். முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு போதும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைக்கும் பழக்கம் இப்போது இல்லை. லேசான நடையில் தொடங்கி, அறிகுறி கூடாதபடி படிப்படியாக ஏறலாம். மாணவர் முதலில் பாடத்துக்கு முழுமையாகத் திரும்பட்டும், ஆட்டம் அதற்குப் பிறகு.

அவசர சிகிச்சை மேம்பட என்ன மாற வேண்டும்?

புதிய கருவிகளைவிட இருப்பதை ஒழுங்காகக் கோப்பதே முதல் வேலை என்பது என் கருத்து. கடுமையான தலைக்காயத்தைப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கே ஸ்கேன் இல்லை, அடுத்ததில் ஸ்கேன் உண்டு ஆனால் அறுவை நிபுணர் இல்லை என்று மூன்று இடம் அலைந்தால் நான்கு மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். எந்த மருத்துவமனையில் இரவிலும் ஸ்கேனும் அறுவை அரங்கும் இயங்குகின்றன என்ற பட்டியல் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். வழியிலிருந்தே தகவல் போனால் குழு தயாராக நிற்கும். தொலைதூர மருத்துவமனை ஸ்கேன் படத்தை உடனே நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். சாலையில் முதலில் வந்து நிற்பவர்கள் காவலர்கள், ஓட்டுநர்கள், கடைக்காரர்கள். மூச்சுப் பாதையைத் திறக்கவும் பக்கவாட்டில் புரட்டவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அரை நாள் போதும். உதவியவரை வழக்கு, விசாரணை என்று அலைக்கழித்தால் அடுத்த முறை அவர் நிற்க மாட்டார். ஒவ்வொரு தலைக்காயத்தையும் பதிவேட்டில் ஏற்றி, எங்கே எவ்வளவு நேரம் போனது என்று மாதந்தோறும் பார்க்காத ஊரில் எதைத் திருத்த வேண்டும் என்றே தெரியாது.

வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் பழைய ஆளாக இல்லையே?

தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, மறதி, சட்டென்று வரும் கோபம், தூக்கக் கேடு, சோர்வு எல்லாம் லேசான காயத்துக்குப் பிறகும் சில வாரங்கள் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு மாதங்களில் குறைந்துவிடும். கடுமையான காயத்துக்குப் பிறகு குணமே மாறியதுபோல் தெரியலாம். அவர் வேண்டுமென்றே அப்படி நடந்துகொள்ளவில்லை, நெற்றிப்பகுதி மூளை பட்ட அடி அது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, நினைவாற்றல் பயிற்சி, மனநல உதவி எல்லாம் சிகிச்சையின் பகுதிதான். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே இவை எங்கே கிடைக்கும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்பு வந்திருந்தால் மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டவோ உயரத்தில் ஏறவோ வேண்டாம். மது அறவே கூடாது. வேலைக்கு அரை நாளில் தொடங்கி மெதுவாகத் திரும்பட்டும். கவனித்துக்கொள்பவர் வாரத்தில் சில மணி நேரமாவது வேறு யாரிடமாவது பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்க வேண்டும். உறவினர்கள் யாராவது எப்படி உதவலாம் என்று கேட்டால், அந்தச் சில மணி நேரத்தைக் கேளுங்கள்.